இரண்டு சேலங்களும் ஒரு மலையும்



அண்மையில் ஒரு புதுவீட்டுப் பிரதிஷ்டை ஜெபத்திற்குச் சென்றிருந்தேன். ஜெபம் முடிந்து வெளியே வந்தபோது நிலைப்படியின்மேல் சிலுவை மாட்டியிருப்பதைக் கண்டேன். அதற்குச் சற்றுத் தள்ளி, கறுப்புக் கயிற்றில் கட்டிய படிகாரமும் தொங்கியது. என் பார்வை போன இடத்தைக் கவனித்த வீட்டுக்காரர், “ஒன்றுமில்லை ஐயா, கண் படாமலிருக்கத்தான்” என்றார். நான் அவரைக் கடிந்துகொள்ளவில்லை. நம் சமவெளியில் புது லாரி சாலைக்கு வருமுன் சக்கரத்தடியில் எலுமிச்சம்பழம் வைக்கிறார்கள். கோழிப்பண்ணை முகப்பில் பூசணிக்காய் தொங்குகிறது. இவற்றின் நடுவே வளர்ந்தவர்கள் நாம். திருமுழுக்குப் பெற்ற அன்றே இந்த அச்சமும் நம்மைவிட்டு நீங்கிவிடுவதில்லை.

ஆயினும் படிகாரத்தைக்காட்டிலும் பெரிய கேள்வி ஒன்று உண்டு. “எனக்குச் செய்வினை வைத்திருக்கிறார்கள்” என்று ஒருவர் சொல்லும்போது, அந்தச் சொல்லுக்குள் “வைத்தவர் யார்?” என்ற கேள்வியும் மறைந்திருக்கிறது. அச்சம் அங்கே குற்றச்சாட்டாக மாறுகிறது. இந்த வாரம் அதைக்குறித்தே வரலாற்றின் துணையோடு தியானிக்க விரும்புகிறேன்.

நம் சேலத்தில் 1827-ஆம் ஆண்டு லண்டன் மிஷனரி சங்கத்தார் நற்செய்திப் பணியைத் தொடங்கினர். அதற்கு நூற்று முப்பத்தைந்து ஆண்டுகளுக்கு முன்னரே, கடலுக்கு அப்பால், அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் பகுதியில் மற்றொரு சேலம் இருந்தது. பக்தியுள்ள கிறிஸ்தவர்கள் அமைத்த ஊர் அது. சமாதானம் என்று பொருள்படும் ‘சாலேம்’ என்ற வேதாகமப் பெயரையே அதற்குச் சூட்டினார்கள். அந்த ஊரைச் சேர்ந்த கிராமத்தில், 1692-ஆம் ஆண்டின் தொடக்கத்தில், சாமுவேல் பாரிஸ் என்ற போதகரின் வீட்டில் இரண்டு சிறுமிகளுக்கு வலிப்புப் போன்ற கோளாறு கண்டது. ஒருத்தி அவருடைய மகள். மற்றவள் அவருடைய பராமரிப்பிலிருந்த உறவுக்காரப் பெண். காரணம் விளங்கவில்லை. சூனியம் என்றார்கள். உடனே “வைத்தவர் யார்?” என்ற கேள்வி எழுந்தது.

முதலில் குற்றஞ்சாட்டப்பட்டவர்கள் மூன்று பெண்கள். ஒருத்தி போதகர் வீட்டு அடிமை. ஒருத்தி வீடு வீடாக இரந்துண்டவள். ஒருத்தி நோயினால் ஆலயத்திற்கு வராமலிருந்தவள். ஊரில் எவருக்குப் பரிந்து பேச ஆளில்லையோ, அவர்மேலேயே விரல் முதலில் நீண்டது. பின்னர் அந்த விரல் எவரையும் விட்டுவைக்கவில்லை. எழுபது வயதைக் கடந்த பக்தியுள்ள ரெபெக்கா நர்ஸ் என்ற தாயாரும், ஜார்ஜ் பரோஸ் என்ற போதகரும்கூடத் தூக்கிலிடப்பட்டனர். மொத்தம் 19 பேர் தூக்குமரத்தில் மாண்டனர். வழக்கிற்கு உட்பட மறுத்த ஒரு முதியவரைக் கற்களால் அழுத்திக் கொன்றார்கள். வேறு சிலர் சிறையிலேயே இறந்தனர். “அவளுடைய உருவம் என் கனவிலும் தரிசனத்திலும் வந்து என்னை வதைத்தது” என்பது போன்ற வாக்குமூலங்களும் சாட்சியாக ஏற்கப்பட்டன. அப்படிப்பட்ட சாட்சியை எவரால் மறுக்கமுடியும்?

அன்பானவர்களே, இதைச் செய்தவர்கள் வேதத்தை அறியாதவர்கள் அல்லர். சூனியக்காரியைக்குறித்த யாத்திராகமம் 22:18-ஐ அவர்கள் நன்றாக அறிந்திருந்தார்கள். அடுத்தவனுக்கு விரோதமாகப் பொய்ச்சாட்சி சொல்லக்கூடாது என்ற கட்டளை, அதே புத்தகத்தில் இரண்டே அதிகாரங்களுக்கு முன்னால் இருக்கிறது. அதை மறந்தார்கள்.

பின்பு மனந்திரும்புதலும் வந்தது. 1697 ஜனவரி 14-ஆம் நாள் உபவாச நாளாக அறிவிக்கப்பட்டது. அந்த வழக்குகளில் நீதிபதியாக அமர்ந்திருந்த சாமுவேல் சூவல், தம் குற்ற அறிக்கையை எழுதிப் போதகர் கையில் கொடுத்தார். அது சபையில் வாசிக்கப்பட்டபோது எல்லோர் முன்னிலையிலும் எழுந்து நின்றார். 1706-இல், சிறுமியாயிருந்தபோது பலர்மேல் குற்றஞ்சாட்டிய ஆன் பட்னம் என்ற பெண்ணும் அவ்வாறே சபையில் நின்று மன்னிப்பு வேண்டினாள். இறந்தவர்கள் அதனால் திரும்பிவரவில்லை. ஆனாலும், தவறு நடந்த இடத்திலேயே, சபையின் நடுவிலேயே, அது அறிக்கையிடப்பட்டது.

இனி நம் மலைக்கு வருவோம். நாமக்கல்லிலிருந்தும் சேந்தமங்கலத்திலிருந்தும் கிழக்கே ஏறிட்டால் தெரிகிற கொல்லிமலையைக்குறித்து நம் முன்னோர் கொண்டிருந்த அச்சம் பழமையானது. கொல்லிப்பாவையைப் பற்றிச் சங்கப் பாடல்களே பேசுகின்றன. மலைக்குச் சென்றவன் காய்ச்சலோடு திரும்பினால், மலைத் தெய்வம் அடித்தது என்றார்கள். மலேரியாவைக் கொசு பரப்புகிறது என்பதற்கான சான்றை 1897-இல் செகந்திராபாத்தில் ரொனால்டு ராஸ் கண்டறிந்தார். அந்த அறிவு மலையடிவாரத்து ஊர்களை எட்ட நெடுங்காலம் ஆயிற்று.

1907-இல் இந்தியாவுக்கு வந்து, ஸ்ட்ரிக்ட் பாப்டிஸ்ட் மிஷனின் சார்பில் இப்பகுதியில் பணிசெய்தவர் ஜெஸ்ஸி பிராண்ட். 1913-இல் அவரும் எவ்லின் அம்மையாரும் மணமுடித்து மலையின்மேல் குடியேறினர். மருந்து கொடுத்தார்கள், புண்களைக் கழுவினார்கள், காலில் நெளிந்து வெளிவரும் நரம்புச்சிலந்திப் புழுவைப் பொறுமையாகச் சுற்றி இழுத்து எடுத்தார்கள். அந்தப் புழு குடிநீரின் வழியாகவே உடலுக்குள் புகுகிறது என்றும் கற்பித்தார்கள். மக்கள் மருந்தை வாங்கினார்கள். ஆனால் நற்செய்தியை ஏற்கப் பல ஆண்டுகள் ஒருவரும் முன்வரவில்லை. மலைத் தெய்வத்தின் பூசாரி அவர்களை எதிர்த்தார். அவருடைய சாபத்திற்கு ஊரார் அஞ்சினர்.

1918-இல் உலகெங்கும் பரவத் தொடங்கிய விஷக்காய்ச்சல் இந்தியாவில் மட்டும் ஒரு கோடிக்கும் மேற்பட்டோரைக் கொன்றது. கொல்லிமலையையும் அது விடவில்லை. பூசாரியும் அவர் மனைவியும் நோயில் வீழ்ந்தனர். அச்சத்தால் ஊரார் அவர்கள் வீட்டை நெருங்கவில்லை. பிறருடைய அச்சத்திற்குக் காரணமாயிருந்தவர், அந்த அச்சத்தினாலேயே தனித்து விடப்பட்டார். அந்த வீட்டிற்குள் கஞ்சியோடும் மருந்தோடும் நுழைந்தவர்கள் பிராண்ட் தம்பதியரே. “எதிர்த்தவனுக்குக் கர்த்தர் கொடுத்த தண்டனை இது” என்று சொல்லிவிட்டு அவர்கள் வீட்டில் இருந்திருக்கலாம். அப்படிச் செய்யவில்லை. சாகும் தறுவாயில் அந்தப் பூசாரி தம் குழந்தைகளை அவர்கள் கையிலேயே ஒப்படைத்தார். அதற்குப் பின்னரே மலையில் சபை வேர்விடத் தொடங்கியது.

இங்கே நாம் நேர்மையாக இருக்கவேண்டும். 1929-இல் ஜெஸ்ஸி பிராண்டும், மலேரியாவின் கொடிய விளைவாகிய கருநீர்க் காய்ச்சலால், அதே மலையில் இறந்தார். பூசாரியின் மரணம் கர்த்தரின் பழிவாங்குதல் என்றால், ஊழியரின் மரணத்தை மலைத் தெய்வத்தின் பழிவாங்குதல் என்று ஒருவன் சொல்வானே! இரண்டும் அல்ல. கொசுவும் கிருமியும் பக்தனையும் பூசாரியையும் வேறுபடுத்திப் பார்ப்பதில்லை. அவர்களுடைய மகன் பால் பிராண்ட், 1914-இல் பிறந்து அந்த மலையில் வளர்ந்தவர், பிற்காலத்தில் வேலூரில் தொழுநோயாளருக்குப் பணிசெய்தார். சாபத்தின் அடையாளம் என்று எண்ணப்பட்ட அந்தப் புண்கள், வலி உணர்வு அற்றுப்போனதால் நோயாளியே அறியாமல் ஏற்படும் காயங்கள் என்று எடுத்துக்காட்டினார். சாபம் என்ற சொல் நின்ற இடத்தில் உண்மையான காரணத்தைக் கண்டதும் ஓர் ஊழியமே.

என் நம்பிக்கை என்னவென்று நீங்கள் கேட்கலாம். தீய ஆவிகள் இல்லை என்று நான் போதிப்பதில்லை. ஆனால் எண்ணாகமம் 23:23-இல் பிலேயாமே அறிக்கையிட்டபடி, தேவன் ஆசீர்வதித்த ஜனத்திற்கு எதிராக எந்த மந்திரமும் குறிசொல்லுதலும் செல்லாது. பொருத்தனைத் தகடும் எலும்பும் நம்மைக் கட்டாது. சூனியத்திற்கு மெய்யாகவே ஒரு வல்லமை உண்டென்றால், அது அண்டை வீட்டாரை நாம் பார்க்கும் பார்வையை மாற்றிவிடுகிறதே, அந்த வல்லமைதான்.

இதை நான் எழுதுவதற்கு ஒரு காரணம் உண்டு. பல ஆண்டுகளுக்குமுன், நான் பணிசெய்த வேறொரு சபையில் ஒரு குடும்பத்தின் விசைத்தறித் தொழில் நொடித்தது, பிள்ளைக்கும் சுகமில்லை. இரகசியமாகக் குறி கேட்கப் போனார்கள். “வடக்கு வாசல் வீட்டில் தனித்திருக்கும் பெண்” என்று சொல்லப்பட்டதாம். அந்த வீட்டில் இருந்தது நம் சபையின் விதவைத் தாயார் ஒருவர். அதன்பின் அவர் கொடுத்த பலகாரத்தை எவரும் தொடவில்லை; திருவிருந்தில் அவருக்கு அருகே எவரும் முழங்கால்படியிடவில்லை. நான் அந்தக் குடும்பத்தின் வீட்டிற்குச் சென்று, கட்டுகள் அறுபடவேண்டும் என்று உரத்த குரலில் ஜெபித்தேன். அந்தத் தாயாரின் வீட்டிற்கு ஒருமுறையும் செல்லவில்லை. சபையில் அவருக்காக ஒரு வார்த்தையும் பேசவில்லை. சில மாதங்களில் அவர் மகள் வீட்டோடு போய்விட்டார். நான் அவரைக் குற்றஞ்சாட்டவில்லை என்பது உண்மை. ஆனால் என் மௌனத்தையும் ஜெபத்தையும் கண்டவர்கள், போதகரும் நம்புகிறார் என்றே எண்ணியிருப்பார்கள். சூவல் எழுந்து நின்றதைப் படிக்கும்போதெல்லாம் அந்தத் தாயாரின் முகம் என் நினைவில் வருகிறது. அவரிடம் நேரில் மன்னிப்புக் கேட்க எனக்கு வாய்ப்புக் கிட்டுமுன் அவர் கர்த்தரிடம் போய்விட்டார். ஆகையால் உங்கள் முன்பாக இதை அறிக்கையிடுகிறேன்.

எபேசுவில் விசுவாசிகளானவர்கள் தங்கள் மாயவித்தைப் புத்தகங்களைக் கொண்டுவந்து எரித்தார்கள். அவற்றின் விலை ஐம்பதினாயிரம் வெள்ளிக்காசு (அப்போஸ்தலர் 19:19). கவனியுங்கள்: அவர்கள் எரித்தது தங்களுடையதை, அயலானுடையதை அல்ல. இந்த வாரம் நம் வீட்டுத் தாயத்தைக் கழற்றுவது நல்லதுதான். அதைவிட அவசியமான காரியம் ஒன்று உண்டு. “இவரால்தான் நமக்கு இப்படி” என்று எவரையாவது நாம் உள்ளத்தில் குறித்து வைத்திருந்தால், அந்த வீட்டு வாசலுக்குப் போவோம்; அவர் கையால் ஒரு குவளை தண்ணீர் வாங்கிக் குடிப்போம். பூரண அன்பு பயத்தைப் புறம்பே தள்ளும் என்று யோவான் எழுதியதற்கு (1 யோவான் 4:18) நம் ஊரில் பொருள் அதுவே.

ஜெபம்: ஆண்டவரே, நாங்கள் அஞ்சி ஒதுக்கினவர்களை எங்கள் நினைவுக்குக் கொண்டுவாரும். அவர்களுடைய வாசலுக்குச் செல்லும் துணிவையும், தவறியதை அறிக்கையிடும் தாழ்மையையும் எங்களுக்குத் தாரும். இயேசுவின் நாமத்தில் கேட்கிறோம், பிதாவே. ஆமென்.