சுலுவுக்குப் பெயர் வைத்த நாவல்

ஸ்டார் டிரெக் என்ற அமெரிக்கத் தொடரை 1980களில் தூர்தர்ஷனில் பார்த்த நினைவு உங்களில் சிலருக்கு இருக்கலாம். கேப்டன் கிர்க், கூர்க்காது ஸ்பாக், எப்போதும் சிடுசிடுக்கும் டாக்டர் மெக்காய். 1966 செப்டம்பரில் ஆரம்பித்து 1969 ஜூனில், 79 அத்தியாயங்களோடு நின்றுபோன தொடர் அது. ஆனால் அதை ஒட்டி எழுதப்படும் நாவல்கள் மட்டும் நிற்கவேயில்லை. பணி ஓய்வுக்குப் பிறகு எனக்குக் கிடைத்த வரையில் படித்திருக்கிறேன். இலக்கியக்காரர்கள் இவற்றைத் தொடக்கூட மாட்டார்கள். கூலிக்கு எழுதியவை என்பார்கள். கூலிக்குத்தான் எழுதினார்கள், அதில் சந்தேகமில்லை. ஆனால் அந்த வேலையில் இருக்கும் சிரமம் வேறு எழுத்தாளருக்கு இல்லை. நமக்கு ஸ்பாக் என்றால் லெனர்ட் நிமாயின் முகமும் குரலும்தான். நாவலாசிரியர் கையில் அந்த முகமும் இல்லை, குரலும் இல்லை.

முதலில் இந்த வேலைக்கு வந்தவர் ஜேம்ஸ் பிளிஷ், பெயர் பெற்ற அறிவியல் புனைகதை எழுத்தாளர். 1967இல் 7 அத்தியாயங்களைச் சிறுகதைகளாக்கி முதல் தொகுதி வந்தது. படத்தைப் பார்த்து எழுதியதல்ல. அனுப்பி வைத்த திரைக்கதைப் பிரதிகளைப் பார்த்து எழுதியது. அதனால் சம்பவம் இருக்கும், வசனம் இருக்கும், ஆள் மட்டும் கொஞ்சம் மங்கலாக இருப்பார். நம் ஊரில் சினிமாவின் கதை வசனப் புத்தகம் படித்தவர்களுக்கு நான் சொல்வது புரியும்.

அதே பிளிஷ் 1970இல் சொந்தமாக ஒரு நாவல் எழுதினார். அதில் ஒரு சோதனை தவறிப்போய் ஸ்பாக் இரண்டு பேராகிவிடுகிறார். இருவருக்கும் ஒரே நினைவு, ஒரே அறிவு. யார் அசல் என்று கிர்க் கண்டுபிடிக்க வேண்டும். எனக்கு இது பிளிஷ் தன் தொழிலைப் பற்றியே எழுதிய கதை மாதிரி படுகிறது. நகலுக்கும் அசலுக்கும் என்ன வித்தியாசம் என்பதுதானே அவருடைய அன்றாடப் பிரச்சினை!

மோசமான நாவல்களில் இதற்கு ஒரு சுலப வழி வைத்திருப்பார்கள். பக்கத்துக்குப் பக்கம் ஸ்பாக் புருவத்தை உயர்த்துவார், மெக்காய் திட்டுவார். அது மிமிக்ரி. நல்ல எழுத்தாளர்கள் அந்த மனிதரைப் புது இடத்தில் கொண்டுபோய் நிறுத்தி, இவர் இங்கே என்ன செய்வார் என்று பார்த்தார்கள். டயேன் டுவேன் மனநல மருத்துவமனை நர்ஸாக இருந்தவர். 1990இல் வந்த அவருடைய நாவல் ஒன்றில், கிர்க் விளையாட்டாகக் கப்பலின் பொறுப்பை மெக்காயிடம் கொடுத்துவிட்டுக் கீழே கிரகத்துக்குப் போகிறார். அங்கே காணாமல் போய்விடுகிறார். விதிப்படி மெக்காய் பொறுப்பை வேறு யாரிடமும் தள்ளிவிட முடியாது. குறை சொல்லியே பழகிய மனிதர் நாற்காலியில் உட்கார்ந்து தவிக்கும் தவிப்பில் முழு மெக்காயும் தெரிகிறார்.

இந்த நாவல்களுக்கு ஒரு கட்டுப்பாடு உண்டு. கதை முடியும்போது எல்லோரும் பழைய இடத்தில் பழையபடி இருக்க வேண்டும். வாடகை வீடு மாதிரி. ஆணி அடிக்கக்கூட ஓனரைக் கேட்க வேண்டும். அப்படியிருந்தும் ஒருவர் வீட்டையே கொஞ்சம் மாற்றிவிட்டார்.

கப்பலை ஓட்டும் சுலுவாக நடித்தவர் ஜார்ஜ் டகேய். ஜப்பானிய வம்சாவளி அமெரிக்கர். இரண்டாம் உலகப்போரின்போது சிறுவனாகக் குடும்பத்தோடு அமெரிக்க அரசின் தடுப்பு முகாமில் அடைபட்டிருந்தவர். அப்படிப்பட்டவருக்கு ஒரு கௌரவமான ஆசிய முகமாகத் திரையில் வரக் கிடைத்த வேடம் இது. ஆனால் தொடரில் சுலுவுக்குப் பெரும்பாலும் உத்தரவுக்குப் பதில் சொல்வதுதான் வேலை. ஒரு தடவை வாளைச் சுழற்றுவார், ஒரு தடவை செடி வளர்ப்பார். முழுப்பெயர்கூடக் கிடையாது. நம் ஊர்க் கணக்கில் சொன்னால், இனிஷியல் மட்டும் இருந்து பெயர் இல்லாத ஆள்.

1981இல் வோண்டா மெக்கின்டயர் எழுதிய ‘தி என்ட்ரோபி எஃபெக்ட்’ வந்தது. அவர் ஏற்கெனவே ஹியூகோ பரிசு வாங்கியவர். வாளும் தெரிந்து, செடியும் தெரிந்து, கப்பலும் ஓட்டத் தெரிந்த மனிதன் ஏன் அதே நாற்காலியில் ஆயுசு முழுக்க உட்கார வேண்டும் என்று அவர் கேட்டிருக்க வேண்டும். நாவலில் சுலுவுக்குத் தானே ஒரு கப்பலுக்குத் தலைவனாக வேண்டும் என்ற ஆசை இருக்கிறது. இங்கேயே இருந்தால் அது நடக்காது என்று தெரிந்து, மனசில்லாமல் வேறு கப்பலுக்கு மாற்றல் வாங்குகிறார். பிரமோஷனுக்காக ஊர் மாறிப் போனவர்களுக்கு அந்தப் பக்கங்கள் நன்றாகவே புரியும். கூடவே அவருக்கு ஹிகாரு என்று பெயரும் வைத்தார் மெக்கின்டயர். ஜப்பானிய மொழியில் அதற்கு ஒளிர்தல் என்று பொருள்.

பிறகு வந்த நாவல்கள் அந்தப் பெயரைப் பிடித்துக்கொண்டன. திரைப்படத்துக்கு அது வந்துசேர மேலும் 10 வருடம் ஆனது. 1991இல் வெளியான ஆறாவது படத்தில் சுலு கேப்டனாகிவிட்டார். படத்தின் ஆரம்பத்திலேயே தன் கப்பலின் பதிவேட்டில் குறிப்புச் சொல்லும்போது தன் பெயரை ஹிகாரு சுலு என்று சொல்கிறார் டகேய். எழுதியவர் காகிதத்தில் கொடுத்த ஆசை, பெயர் இரண்டுமே திரையில்!

தொடரில் முதல் பெயர் இல்லாத இன்னொருவர் உஹுரா, கறுப்பின அதிகாரி. நியோடா என்ற பெயர் அவருக்கு 1982லேயே ஒரு புத்தகத்தில் வந்துவிட்டது. திரையில் வந்தது 2009இல்தான். அந்தப் படம் முழுக்க கிர்க் அந்தப் பெயரைக் கேட்டுக்கேட்டு அலைவார். கடைசியில் ஸ்பாக் கூப்பிடும்போதுதான் அது அவர் காதில் விழும்.