இடது பக்க இருக்கை

ராயப்பன்பட்டியில் விடிவதற்கு முன்பே ஜீப் வந்துவிடும். தூக்குவாளியில் சோறும், தலையில் கட்டிய துண்டுமாகப் பெண்கள் அதில் நெருக்கியடித்து ஏறுவார்கள். கம்பம்மெட்டு வழியாகவோ குமுளி வழியாகவோ மலையேறி, இடுக்கியின் ஏலத்தோட்டங்களில் வேலை செய்துவிட்டு இருட்டும் நேரத்தில் திரும்புவார்கள். நாள்தோறும் இரண்டு முறை மாநில எல்லையைக் கடந்த அவர்களைத் தினசரிப் பயணிகள் என்று நான் ஒருபோதும் நினைத்ததில்லை. அந்தச் சொல் சென்னைக்கு உரியது என்று நம்பியிருந்தேன்.

2003இல் முனைவர் பட்ட ஆய்வுக்காகச் சென்னைக்கு வந்தேன். சித்தி வீடு பெரம்பூரில். நான் நாடிப்போன உ.வே.சா. நூலகம் பெசன்ட் நகரில். இரண்டையும் இணைத்தது 29சி பேருந்து. ஊரில் உத்தமபாளையத்துக்குக் கல்லூரி போன நாட்களில் நடத்துநருக்கு என் அப்பாவைத் தெரியும். “என்னத்தா, நேத்து வரலையே?” என்பார். அந்தக் கேள்வியில் அக்கறையும் இருந்தது, கண்காணிப்பும் இருந்தது. சென்னையில் யாரும் எதுவும் கேட்கவில்லை. முதல் வாரம் அது விடுதலையாகவே தெரிந்தது.

அடுத்த வாரம் ஒரு மாலை நெரிசலில் பின்னாலிருந்து ஒரு கை என் இடுப்பைப் பிடித்தது. யாரையும் தெரியாத ஊரில் யாரைக் கூப்பிடுவது? வண்டி நின்றதும் பாதி வழியில் இறங்கிவிட்டேன். அவன் தான் போகவேண்டிய இடத்துக்குப் போய்ச் சேர்ந்திருப்பான்.

சித்தி என்னைத் திட்டவில்லை. ஊக்கு ஒன்றை எடுத்துக் கொடுத்தார். “பைய முன்னாடி போட்டுக்க. கம்பியில முதுகச் சாச்சு நில்லு. சில்லறைய ஏறும்போதே கையில வச்சுக்க. இடது பக்கம் லேடீஸ் சீட்டு, ஆம்பள உக்காந்திருந்தா எந்திரிக்கச் சொல்லு, தயங்காத.” இதெல்லாம் அவருக்கு உடன் வேலை பார்த்த ஒரு பெண் சொல்லிக் கொடுத்தது. அந்தப் பெண்ணுக்கு அவளுக்கு முந்தி வந்தவள் சொல்லியிருப்பாள். நான் சுவடி தேடிப் போய்க்கொண்டிருந்தேன்; வாய்வழியாக வந்த பாடமொன்று சமையலறையில் கிடைத்தது.

நகரப் போக்குவரத்தின் வரலாற்றில் இந்தப் பாடம் கிடையாது. சென்னையில் டிராம் ஓடத் தொடங்கியது 1895இல், நின்றது 1953இல். கடற்கரை – தாம்பரம் மின்சார ரயில் 1931இல் வந்தது. பல்லவன் போக்குவரத்துக் கழகம் 1972இல் உருவானது. இவை வண்டிகளின் ஆண்டுகள். பெண்களின் ஆண்டுகளைத் தேடினால் வேறு பட்டியல் கிடைக்கிறது. 1993இல்தான் வசந்தகுமாரி தமிழ்நாட்டு அரசுப் பேருந்தின் முதல் பெண் ஓட்டுநரானார். 1998இல் சென்னையில் ஆண்களின் சீண்டலால் ஒரு கல்லூரி மாணவி உயிரிழந்த பிறகே, பெண்களைச் சீண்டுவதற்கு எதிரான தனிச் சட்டம் வந்தது. வண்டிக்குள் அப்படி நடந்து, பாதிக்கப்பட்ட பெண் புகார் சொன்னால், வண்டியைப் பக்கத்துக் காவல் நிலையத்துக்கு ஓட்டிச் செல்லும் கடமையை அந்தச் சட்டம் ஊழியர்கள் மீது சுமத்துகிறது. நான் பாதியில் இறங்கிய அன்று அதற்கு ஐந்து வயது. எனக்கு அது தெரியாது. சட்டம் என்னை எட்டுவதற்கு முன்பே ஊக்கு எட்டிவிட்டது.

2021 மே 8 முதல் சாதாரணக் கட்டண நகரப் பேருந்துகளில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை. இதனால் ஒரு பெண்ணுக்கு மாதம் சராசரியாக 888 ரூபாய் மிச்சமாவதாக மாநிலத் திட்டக்குழுவின் ஆய்வு சொன்னது. 2022இல் ஓர் அமைச்சரே மேடையில் இதை “ஓசி” என்றார். அந்தச் சொல் எத்தனை பெண்களைக் கூசவைத்திருக்கும் என்று அன்று யோசித்தேன். என் அம்மாவிடம் கேட்டபோது அவர் வேறொன்று சொன்னார்: “முன்னெல்லாம் உத்தமபாளையம் போகணும்னா ஒங்கப்பாகிட்ட பஸ்ஸுக்குக் காசு கேக்கணும். எதுக்குன்னு சொல்லணும். இப்ப போயிட்டு வந்து சொல்றேன்.” டிக்கெட்டின் விலையோடு அனுமதியின் விலையும் சேர்ந்திருந்தது என்பதை அந்தப் பதிலில்தான் புரிந்துகொண்டேன். மிச்சமான ரூபாயை எண்ணிவிடலாம், இதை எந்தக் கணக்கில் சேர்ப்பது?

மலையேறும் ஜீப்புக்கு இந்தச் சலுகை பொருந்தாது. அதில் இடது பக்க இருக்கை என்ற ஏற்பாடும் இல்லை. போன பொங்கலுக்கு ஊருக்குப் போயிருந்தபோது, முப்பது வருடமாக ஏலக்காட்டுக்குப் போய்வரும் பக்கத்து வீட்டு அக்காவிடம், அவ்வளவு நெருக்கத்தில் ஆண்களும் ஏறினால் என்ன செய்வீர்கள் என்று கேட்டேன்.

“தூக்குவாளிய முன்னாடி வச்சுக்குவேன். எடவாரப் பட்டையில ஊக்கு இருக்கும்,” என்றார். “இதுகூடத் தெரியாமயா நீ மெட்ராஸுல காலந்தள்ளுன?”