மயக்க மருந்துக்கு முன்னால் வரும் நிமிடங்கள்: காரைக்காலும் பக்கவாத அவசர சிகிச்சையும்

மூளையின் பெரிய தமனி அடைபட்டு வரும் பக்கவாதத்தில், நுண்குழாய் செலுத்தி இரத்த உறைவை எடுக்கும்போது நோயாளியை முழு மயக்கத்தில் வைப்பதா, அரைமயக்கம் போதுமா என்ற வழக்கு நெடுநாளாக நடக்கிறது. அதைக் காரைக்காலில் இருந்துகொண்டு படித்தால் வேறொரு கேள்வி முந்திக்கொள்கிறது: நோயாளி அந்த மேசைக்கு எப்போது போய்ச் சேர்வார்?

1739இல் பிரெஞ்சுக்காரர் தஞ்சை அரசிடம் பெற்ற நிலம் இது. அப்போது விழுந்த எல்லைக்கோட்டின் தாக்கம் நோயாளியின் பயணத்தில் இன்றும் தெரிகிறது. ஆட்சித் தலைநகர் புதுச்சேரி ஏறத்தாழ 130 கி.மீ. தொலைவு, சீர்காழி, சிதம்பரம், கடலூர் என்று தமிழ்நாட்டு ஊர்களைக் கடந்தே போகவேண்டும். தஞ்சாவூர் அதைவிடப் பக்கம், ஆனால் வேறு மாநிலம். 2016இல் புதுச்சேரி ஜிப்மர் மருத்துவ நிறுவனத்தின் கிளைக் கல்லூரி இங்கு வந்தது, ஆனால் சாலை சுருங்கிவிடவில்லை.

முதலில் அந்த வழக்கின் நிலை. ஹைடல்பெர்க்கின் சியஸ்டா (2016), கோத்தன்பர்க்கின் அன்ஸ்ட்ரோக் (2017), ஆர்ஹூஸின் கோலியத் (2018) ஆகிய மூன்று ஆய்வுகளும் முழு மயக்கம் கேடு என்ற பழைய அச்சத்துக்கு ஆதாரம் காணவில்லை. முந்தைய பின்னோக்கு ஆய்வுகளில் நிலைமை மோசமானவர்களே பெரும்பாலும் முழு மயக்கத்துக்குப் போனார்கள். பழி மருந்தின் தலையில் விழுந்தது. ஆனால் சியஸ்டாவின் சூழலையும் சேர்த்துப் படிக்கவேண்டும். ஒரே மையம், 150 நோயாளிகள், தேர்ந்த நரம்பியல் தீவிர சிகிச்சைக் குழு, சிஸ்டாலிக் இரத்த அழுத்தம் 140–160க்குள் நிற்கவேண்டும் என்ற கண்டிப்பு. அங்கேயே முழு மயக்கத் தரப்பில், மருத்துவமனை வாசலிலிருந்து தமனியில் துளையிடும்வரை சுமார் 10 நிமிடம் கூடுதலாயிற்று. பிரான்சில் பல மையங்களில் நடந்த காஸ் (2022) ஆய்வில் இரு முறைக்கும் இறுதிப் பலனில் வேறுபாடு தெரியவில்லை. அழுத்தம் சரியாமல் காக்கும் ஒழுங்கு இருந்தால் எந்த முறையும் தாங்கும் என்றே நான் இவற்றைப் படிக்கிறேன்.

அந்த ஒழுங்கு வாசலில் தொடங்கவேண்டும். ஹெல்சின்கியில் நோயாளி வந்ததிலிருந்து உறைவு கரைக்கும் ஊசி போடும்வரை 1998இல் 105 நிமிடம் ஆனது, 2011இல் 20. புது மருந்தால் வந்த மாற்றமில்லை இது. ஆம்புலன்ஸிலிருந்து முன்கூட்டியே தகவல் போயிற்று, ஸ்ட்ரெச்சர் நேரே சி.டி. அறைக்குச் சென்றது, ஸ்கேன் மேசையிலேயே ஊசி போடப்பட்டது. நம் பக்கத்துக் கேஷுவல்டிகளில் சீட்டு, இரத்தப் பரிசோதனை, ஸ்கேன், நிபுணருக்கு அழைப்பு என்று ஒன்று முடிந்தால்தான் அடுத்தது. திருநள்ளாற்றுச் சனிப்பெயர்ச்சி வரிசை இதைவிட வேகமாக நகரும். இப்படிக் கழியும் ஒரு நிமிடத்துக்கு ஏறத்தாழ 19 லட்சம் நியூரான்கள் அழிவதாக நரம்பியல் மருத்துவர் சேவர் 2006இல் கணக்கிட்டார்.

ஸ்கேனில் புரளும் நோயாளியைக் கண்டால் கை தானாக மிடசோலம் என்ற தூக்க மருந்தை நாடும். தூரம் போகவேண்டிய ஊரில் இது கவனிக்கவேண்டிய பழக்கம். தூங்கவைத்து ஆம்புலன்ஸில் ஏற்றினால் பேச்சு குழறுவதும் கை தளர்வதும் தெரியாது. வழியில் மூளைக்குள் கசிவு தொடங்கினாலும் புலப்படாது. அழுத்தம் விழுந்தால் பக்கக் கிளைக் குழாய்கள் தரும் கொஞ்ச இரத்தமும் நிற்கும். உறைவு கரைக்கும் ஊசியில் மட்டும் சற்று நிம்மதி: ஆல்டெப்ளேஸுக்கு ஒரு மணி நேரச் சொட்டு வேண்டும், டெனெக்டெப்ளேஸ் ஒரே தவணையில் முடிந்துவிடும்.

இங்கே நிறுத்தாமல் நேரே பெரிய மையத்துக்கே போனால் என்ன? கட்டலோனியாவின் ரேஸ்கேட் ஆய்வு (2022), நகர்ப்புறத்துக்கு வெளியே இரு வழிக்கும் பலனில் வேறுபாடு காணவில்லை. ஆனால் அங்கே உள்ளூர் மருத்துவமனைகள் வேகமாக இயங்கின. தாமதிக்கும் மருத்துவமனை அந்த முடிவைச் சாட்சிக்கு அழைக்க முடியாது.

ஆகவே பெரிய மையத்தின் மயக்க மருத்துவருக்கான முதல் அழைப்பு காரைக்காலிலிருந்தே போகவேண்டும். நோயாளி கடைசியாக நலமாயிருந்த நேரம், அழுத்தம், ஊசி போட்ட நேரம், தூக்க மருந்து கொடுத்தோமா, கடைசியாக எப்போது சாப்பிட்டார்: இவ்வளவும் தெரிந்தால், வண்டி சிதம்பரம் தாண்டுவதற்குள் முழு மயக்கமா அரைமயக்கமா என்று எதிர்முனையில் முடிவெடுத்து மருந்தை எடுத்துவைத்துவிடலாம்.