பர்மிங்காம் பள்ளிகளில் இஸ்லாம்

இங்கிலாந்துப் பள்ளிகளில் சமய பாடத்தைக் கட்டாயமாக்கியது 1944ஆம் ஆண்டுக் கல்விச் சட்டம். பாடத்திட்டத்தை லண்டன் அரசு வகுக்கவில்லை. அந்தந்த ஊரின் கல்வி நிர்வாகம் திருச்சபைகளையும் ஆசிரியர் சங்கங்களையும் கூட்டி, எல்லோரும் ஒப்புக்கொள்ளும் ஒன்றை வகுத்துக்கொள்ள வேண்டும். சமயம் என்றால் கிறிஸ்தவம்தான் என்று சட்டத்தில் எழுதிவைக்கும் தேவைகூட அன்று யாருக்கும் தோன்றவில்லை.

இரண்டாம் உலகப் போருக்குப் பின் இங்கிலாந்தின் பர்மிங்காம் நகரத் தொழிற்சாலைகளுக்கு ஆள் தேவைப்பட்டது. பாகிஸ்தானிலிருந்தும் இன்றைய வங்கதேசத்தின் சில்ஹெட்டிலிருந்தும் முதலில் ஆண்கள் வந்தார்கள், பிறகு குடும்பங்கள் வந்தன. 1960களில் மங்களா அணைக்காக மீர்ப்பூர் வட்டாரக் கிராமங்கள் நீரில் மூழ்கியதும் வரவு இன்னும் பெருகியது. நகரின் ஸ்பார்க்புரூக், ஸ்மால் ஹீத் பகுதிப் பள்ளிகளில் முஸ்லிம் பிள்ளைகள் நிறைந்தனர். 1968 ஏப்ரலில் குடியேறிகளுக்கு எதிராகக் கன்சர்வேடிவ் நாடாளுமன்ற உறுப்பினர் இனோக் பவல் பேசிய பேர்போன உரையும் இதே ஊரில்தான் நிகழ்ந்தது.

லங்காஸ்டர் பல்கலைக்கழகத்தில் 1967இல் நினியன் ஸ்மார்ட் தலைமையில் சமய ஆய்வுத் துறை தொடங்கியிருந்தது. ஒரு சமயத்தை நம்பவைப்பது வேறு, புரியவைப்பது வேறு, பள்ளியின் வேலை இரண்டாவதே என்றார் அவர். பர்மிங்காம் நகரம் புதிய பாடத்திட்ட வேலையில் இறங்கியபோது இந்த எண்ணம் கைகொடுத்தது. குழுவில் முஸ்லிம், யூத, இந்து, சீக்கியப் பிரதிநிதிகளும் இடம்பெற்றார்கள். முஸ்லிம்களைப் பற்றி என்ன சொல்லிக்கொடுப்பது என்று பேசும் இடத்தில் முஸ்லிம்களும் இருந்தார்கள். பாடத்தில் நேர்ந்த எந்த மாற்றத்தையும்விட இதுவே பெரிது.

வேடிக்கை என்னவென்றால், சண்டை மூண்டது இஸ்லாத்தால் அல்ல. சமயம் சாராத வாழ்க்கை நோக்குகளையும் மாணவர் அறியட்டும் என்று கம்யூனிசத்தையும் சேர்த்திருந்தார்கள். சமய வகுப்பில் அதற்கென்ன வேலை என்று கன்சர்வேடிவ் கட்சியினர் கொதித்தனர். வழக்கறிஞர் கருத்துக் கேட்டு, திருத்தி, 1975இல் வெளியிட்ட பாடத்திட்டம் சில பக்கங்களே. கூடவே வந்த ஆசிரியர் கையேடுதான் தடித்த புத்தகம்.

கையேடு வந்தும் பாடநூல்கள் காட்டிய முஸ்லிம் நெடுநாள் ஒரு பொம்மையாகவே இருந்தார். ஐந்து கடமைகள், பெருநாள், பள்ளிவாசல் படம், அவ்வளவுதான். அடுத்த பெஞ்சில் உட்கார்ந்து கிரிக்கெட் பேசும் பையனுக்கும் அந்தப் படத்துக்கும் சம்பந்தமே இருக்காது. வார்விக் பல்கலைக்கழகத்தில் ராபர்ட் ஜாக்சன் குழுவினர் பிள்ளைகளின் வீடுகளிலேயே களஆய்வு செய்து, அவர்கள் உண்மையில் வாழும் சமயத்தைப் பாடநூலாக்க முயன்றார்கள்.

பர்மிங்காம் பல்கலைக்கழகத்தின் மைக்கேல் கிரிமிட், ஜான் ஹல் முதலியோர் 1991இல் தொடக்கப் பள்ளிகளுக்கென ஒரு முறையைக் கொண்டுவந்தார்கள். அதில் ஒரு பாடம், தொழுகைக்கு அழைக்கும் பாங்கு. பிள்ளைகள் முதலில் அந்த ஓசையைக் கேட்கிறார்கள். அது யாருடையது, எதற்கு என்ற பேச்சு பிறகுதான். கூடவே, இது இன்னொருவருடைய வழிபாடு, தன்னுடையது அல்ல என்று குழந்தை விலகி நின்று பார்க்கவும் இடம்விட்டார்கள். பள்ளி மதம் மாற்றிவிடுமோ என்ற பெற்றோரின் அச்சத்துக்கு அதுவே பதில்.

பல சமயங்களை அறியவைக்கும் பாடம் முஸ்லிம்கள் வாழும் ஊர்களுக்கு மட்டுமானது அல்ல, வெள்ளையர் மட்டுமே படிக்கும் பள்ளிகளுக்கும் வேண்டும் என்று அதற்கு முன்பே, சிறுபான்மை இனப் பிள்ளைகளின் கல்வி குறித்து 1985இல் வெளியான ஸ்வான் அறிக்கை சொல்லியிருந்தது. 1988ஆம் ஆண்டுக் கல்விச் சீர்திருத்தச் சட்டம் கிறிஸ்தவத்துக்கு முதலிடம் தந்தாலும், நாட்டின் பிற முக்கியச் சமயங்களையும் பாடத்திட்டங்கள் கணக்கில்கொள்ள வேண்டும் என்று விதித்தது.

சமய பாடத்திலிருந்து பிள்ளையை விலக்கிக்கொள்ளும் உரிமை 1944 முதலே பெற்றோருக்கு உண்டு. சிறுபான்மையினரின் மனச்சான்றைக் காக்கவே அது பெரிதும் பயன்பட்டது. 2010களில் சில பெற்றோர் மற்ற பாடங்களுக்கெல்லாம் அனுப்பிவிட்டு, இஸ்லாம் நடத்தும் நாளிலும் பள்ளிவாசலுக்கு அழைத்துச் செல்லும் நாளிலும் மட்டும் பிள்ளைகளை விலக்கிக்கொள்ளத் தொடங்கினார்கள். இதற்கு முடிவுகட்ட வேண்டும் என்று 2018இல் ஆசிரியர் சங்க மாநாடு ஒன்று தீர்மானம் போட்டது, இங்கிலாந்துத் திருச்சபையின் கல்விப் பிரிவும் கவலை தெரிவித்தது. அதன் பின்னும் அந்த உரிமை சட்டத்தில் நீடித்தது.