குறைந்த உதையும் நிறைந்த தோட்டாவும்: .458 வின்செஸ்டர் மேக்னத்தை முன்வைத்து

ஆப்பிரிக்காவில் யானை, காட்டெருமை வேட்டைக்கென்று 1956இல் அமெரிக்காவில் அறிமுகமான .458 வின்செஸ்டர் மேக்னம், 500 கிரெய்ன் (32.4 கிராம்) குண்டை நொடிக்கு ஏறத்தாழ 640 மீட்டர் வேகத்தில் செலுத்துவது. அதன் உதையைப் பற்றிய பேச்சு பெரும்பாலும் தோள்வலியோடு நின்றுவிடுகிறது. பெரிய இழப்பு தோளில் அல்ல, குறியில். சுடுபவருக்குத் தெரியாமல் வெடிக்காத ஒரு போலித் தோட்டாவை இடையில் செருகிவைத்தால் இது விளங்கும். விசை இழுபட்டதும் வெடிக்காத துப்பாக்கியின் வாய் சட்டெனத் தாழ்கிறது. கண் இறுக மூடுகிறது. வராத உதைக்கு உடல் முன்பே ஒடுங்கிவிட்டது.

உதையின் கணக்கில் பலர் விட்டுவிடுவது வெடிமருந்தின் எடையை. மருந்தும் வாயுவாகிக் குழல்வழியே வெளியேறுகிறது, குண்டைவிட வேகமாக. 4.1 கிலோ துப்பாக்கி, 4.6 கிராம் மருந்து, வாயுவின் வேகம் நொடிக்கு 1,400 மீட்டர் என்று கொள்வோம். குண்டின் உந்தம் 20.7 அலகு, வாயுவின் உந்தம் 6.4. துப்பாக்கி நொடிக்கு 6.6 மீட்டர் வேகத்தில் பின்வாங்கும். அதன் ஆற்றல் சுமார் 90 ஜூல். இனி 350 கிரெய்ன் குண்டை நொடிக்கு 500 மீட்டர் வேகத்தில், 3 கிராம் மருந்தோடு கணக்கிடுவோம். (இவை கணக்குக்கான எண்கள், தோட்டா அடைக்கும் அளவுகள் அல்ல.) மொத்த உந்தம் நூற்றுக்கு 43 பங்கு குறைகிறது. உதையின் ஆற்றலோ வேகத்தின் இருமடியைப் பொறுத்தது என்பதால் 30 ஜூலுக்கு, அதாவது மூன்றில் ஒன்றாக, இறங்கிவிடுகிறது. குண்டிடம் இன்னும் 2,800 ஜூல் இருக்கிறது. மான் வேட்டையில் நூறாண்டுக்கு மேலாகப் பழகிய .30-30 தோட்டாவின் ஆற்றலுக்கு இது குறைந்ததல்ல.

மாற்றுவழிகள் உண்டு. துப்பாக்கியின் எடையை இரட்டித்தாலும் உதையாற்றல் பாதியாகும்; ஆனால் எட்டுக் கிலோவைப் புதர்க்காட்டில் நாள் முழுதும் சுமப்பவர் யார்? வாய்முனைத் தடுப்பான் உதையைக் குறைக்கும், பக்கத்தில் நிற்கும் தடம்பார்ப்பவரின் காதைக் கெடுக்கும்.

தோட்டாவை இலகுவாக்கும் வழி பழையது. அமெரிக்க ராணுவம் 1873இல் ஏற்ற .45-70 தோட்டாவில் 405 கிரெய்ன் குண்டும் 70 கிரெய்ன் கருமருந்தும் இருந்தன. குதிரைப்படையின் குட்டையான, எடை குறைந்த கார்பைனில் அந்த உதை மிகையானதால், அவர்களுக்கு 55 கிரெய்ன் மருந்தோடு தனித் தோட்டா வந்தது. குண்டு மாறவில்லை, மருந்து மட்டும் குறைந்தது.

அந்த முன்னுதாரணத்தை அப்படியே புகையற்ற மருந்துக்குப் பொருத்துவதுதான் பிழை. மெதுவாக எரியும் மருந்தைப் பெரிய தோட்டா ஓட்டில் கொஞ்சமாக இட்டால் அது அடியில் படுத்துக்கிடக்கும். அழுத்தம் எதிர்பாராமல் எகிறித் துப்பாக்கியே சிதறிய நிகழ்வுகள் பதிவாகியுள்ளன. வேகம் மிகக் குறைந்தால் குண்டு குழலுக்குள்ளேயே சிக்கும். அதன் பின்னால் அடுத்ததைச் சுடுவது குழலை வெடிக்கவைக்கும். விரைந்து எரியும் மருந்தில் ஆபத்து வேறு: ஓட்டில் பாதி இடம் காலியாக இருப்பதால், கவனம் பிசகி இருமுறை கொட்டினாலும் வழியாது, கண்ணுக்கும் தெரியாது. நடுவில் துளையுள்ள வளையத் துகள்களாலான டிரெயில் பாஸ் என்ற மருந்து இதற்காகவே பருமனாகச் செய்யப்பட்டது, ஓட்டை நிரப்பிவிடும். எச்4895 மருந்தை அதிகபட்ச அளவின் 60 விழுக்காட்டுக்குக் கீழே போகாமல் குறைக்கலாம் என்று ஹாட்ஜ்டன் நிறுவனம் சொல்வதும் அந்த மருந்தின் எரிதன்மையை வைத்துத்தான். எல்லா மருந்துக்குமான அனுமதி அல்ல அது. ஆகவே, முதலில் குறைய வேண்டியது குண்டின் எடை; மருந்தோ, உற்பத்தியாளரின் அட்டவணை அந்த ஓட்டுக்கும் குண்டுக்கும் சொல்லும் மருந்தாக, அதன் குறைந்தபட்ச அளவுக்குக் கீழே போகாததாக இருக்க வேண்டும்.

இதனால் .458 மான் துப்பாக்கியாகிவிடுமா என்றால், தேவைப்பட்டால் ஆகும். ஆனால் இலகுவாக்கிய தோட்டாவின் தலையாய பயன் பயிற்சியே: ஒடுங்கக் கற்றுக்கொண்ட உடல் அதை மறக்க இருநூறு, முந்நூறு முறை அச்சமின்றிச் சுட வேண்டும், முழுத்தோட்டாவில் அது நடவாது. காட்டெருமையின் முன் முழுத்தோட்டாவுக்கு மாற்றில்லை. இலகுவான குண்டு பட்ட இடத்தில் கனத்த குண்டு படாது. காட்டுக்குப் புறப்படுமுன் முழுத்தோட்டாவைக் கொண்டே குறியை மறுபடி சரிபார்த்துக்கொள்ள வேண்டும்.