மோயாற்று விடர்

கோபிசெட்டிபாளையத்திலிருந்து சத்தியமங்கலம் வழியாகப் பவானிசாகர் நீர்த்தேக்கக் கரையை அடைவோர், மேற்றிசையில் இரு மலைகளுக்கிடையே ஆழ்ந்ததொரு பிளவைக் காண்பர். தெற்கே நீலகிரி, வடக்கே மைசூர்ப் பீடபூமியின் விளிம்பு. இடையே இறங்கி வருவது மோயாறு. முக்குறுத்தி மலைப்பகுதியில் பைக்காரா என்னும் பெயரொடு தோன்றும் இவ்வாறு, தெப்பக்காட்டைக் கடந்து அருவியாய் வீழ்ந்தபின், ஏறத்தாழ 20 கிலோமீட்டர் தொலைவு செங்குத்துப் பாறைகளின் நடுவே ஒடுங்கிச் செல்கின்றது. ஆங்கிலேயர் இதனை ‘மைசூர் அகழி’ என்றனர். படை நடத்த வந்தோர் கண்ணுக்கு மலைப்பிளவும் அகழியாகத் தோன்றியதில் வியப்பில்லை. சங்கப் புலவர் கண்ணுக்கு அது விடர், விடரகம், அளை.

ஆல்ப்சு மலையைப் பற்றிப் படித்தவர்க்கு, இவ்விடரும் பனியாறு குடைந்ததோ என்னும் ஐயம் எழக்கூடும். சுவிட்சர்லாந்தில் ஆரே ஆற்றின் இடுக்கு, பனியாறு உருகிய வெள்ளம் சுண்ணப்பாறையை அறுத்ததால் உண்டாயிற்று. சிலவிடங்களில் அதன் அகலம் ஓராள் கைவிரிக்கும் அளவினும் குறைவு. மோயாற்றின் கதை வேறு. பல கோடி ஆண்டுகட்கு முன் நிலத்தோடு ஆழ்ந்து பிளந்து நெரிந்த ஒரு கோட்டைப் பற்றிக்கொண்டு, மழைநீர் ஒன்றே பாறையை அறுத்திருக்கிறது. பனி தீண்டாத விடர் இது. பனியாறு என்னும் சொல்லும் நமக்குப் புதுவரவே.

இவ்விடர் கீழ்த்திசையில் அகன்று சமவெளியைத் தொடும் பகுதியில்தான் கொங்கின் வரலாறு பலமுறை திரும்பியது. ஹொய்சள வேந்தன் விஷ்ணுவர்த்தனனின் படைத்தலைவன் புணிசன் நீலகிரியை வென்ற செய்தியை 1117ஆம் ஆண்டுக் கல்வெட்டு கூறும். பின்னர் வந்த ஹொய்சள தண்டநாயகருள் மாதவன் நீலகிரியை அடக்கியவன் என்னும் பட்டம் பூண்டான். மோயாறும் பவானியும் கூடுமிடத்தருகே எழுந்த கோட்டை அத்தண்டநாயகர் பெயராலேயே டணாயக்கன்கோட்டை ஆயிற்று.

மைசூரிலிருந்து கெஜலட்டிக் கணவாய் வழியே இறங்கும் பெருவழி இக்கோட்டையை ஒட்டியே சென்றது. 1790 செப்டம்பரில் திப்பு சுல்தான் பெரும்படையுடன் இவ்வழியே இறங்கினார். சத்தியமங்கலத்தில் தங்கியிருந்த கர்னல் ஃபிளாய்டு, கடும்போருக்குப் பின், பீரங்கிகள் சிலவற்றைக் கைவிட்டுக் கோவை நோக்கிப் பின்வாங்க நேர்ந்தது. கொங்குநாட்டார் இப்போரைப் பாடிய அளவு குறைவே. வென்றவர் தோற்றவர் இருவரும் அயலார் என்பது காரணமாகலாம். விளைநிலம் மிதிபட்டதோ உழவருடையது.

கோட்டையை அழித்தது போரன்று. 1948இல் தொடங்கி 1955இல் முடிவுற்ற கீழ்பவானித் திட்டத்தின் அணை எழுந்தபோது, கோட்டையும் கோயிலும் ஊரும் நீருள் மூழ்கின. ஏறத்தாழ 2 இலட்சம் ஏக்கர் நிலம் அத்திட்டக் கால்வாயால் பாசனம் பெற்றது. கோபி வட்டாரத்தின் நெல்வயல்களுக்கோ அதற்கு நெடுங்காலம் முன்பிருந்தே கொடிவேரி அணையும் தடப்பள்ளி, அரக்கன்கோட்டை வாய்க்கால்களும் உண்டு. இன்று அவற்றின் நீரும் பவானிசாகரைக் கடந்தே வருகின்றது. பச்சை வயலைப் பாடுவோர், அதற்கு மேலே நீரடியில் கிடக்கும் ஊரையும் எண்ணிப் பார்த்தல் தகும். வறட்சியில் நீர் மிகத் தாழ்ந்த ஆண்டுகளில் கோயிலின் கற்சுவர்கள் சேறு படிந்து வெளித்தோன்றியதுண்டு. மழை வந்ததும் மறைந்துவிடும்.

அணைப்பணி தொடங்கிய அதே 1948இல், விடரின் உள்ளே தெங்குமரஹாடாவில், உணவுப் பெருக்கத்திற்காகக் காட்டைத் திருத்திக் கூட்டுறவுப் பண்ணை அமைக்கப்பட்டது. ஒருபுறம் விளைநிலம் தந்த ஊர் மூழ்க, மறுபுறம் விளைநிலத்திற்கென ஓர் ஊர் பிறந்தது. சத்தியமங்கலம் வனம் 2013இல் புலிகள் காப்பகமாயிற்று. தெங்குமரஹாடாவோ புலிகள் உலவும் வழியில் உள்ளது. அவ்வூராரை இழப்பீடு தந்து வெளியேற்றுவது பற்றிய வழக்கு அண்மை ஆண்டுகளில் சென்னை உயர்நீதிமன்றம்வரை சென்றது. செல்ல இசைந்தோரும் உளர். பெற்றோர் திருத்திய மண்ணை விட மனமில்லாதோரும் உளர். பவானிசாகரிலிருந்து காட்டுவழி வரும் பேருந்து மோயாற்றின் இக்கரையில் நின்றுவிடும். அக்கரை சேரப் பரிசல் வேண்டும். ஆற்றில் வெள்ளம் பெருகினால் பரிசலும் இல்லை. நோயாளியும் பள்ளிப் பிள்ளையும் நீர் வடியும்வரை கரையிலேயே காத்திருப்பர்.