பாய்மரப் படகும் பெட்ரோல் எஞ்சினும்

சிறிய படகுக்கு எஞ்சின் பொருத்துவதில் இரண்டு முறைகள் உண்டு. எஞ்சினைப் படகின் உள்ளே நிலையாக அமர்த்தி, அதிலிருந்து ஒரு தண்டைப் படகின் அடிப்புறம் வழியாக நீருக்குள் செலுத்தி, தண்டின் முனையில் உந்துவிசிறியை மாட்டுவது ஒரு முறை. இதனை உள்பொருத்து எஞ்சின் எனலாம். எஞ்சின், தண்டு, விசிறி மூன்றையும் ஒரே தொகுப்பாக்கிப் படகின் பின்பலகைக்கு வெளியே தொங்கவிடுவது மற்றொரு முறை. இது வெளிபொருத்து எஞ்சின்.

அமெரிக்காவின் சிறு பாய்மரப் படகுகளில் உள்பொருத்துப் பெட்ரோல் எஞ்சின் நீண்ட காலம் கோலோச்சியது. ஆனால் திருவள்ளூர் மாவட்டத்துப் பழவேற்காடு முதல் குமரி முனை தாண்டியும் நீளும் நமது கரையின் மீன்பிடிப் படகுகளில் அது வேரூன்றவே இல்லை. இதற்கு வறுமை மட்டும் காரணமன்று. பெட்ரோல் ஆவியின் இயல்பும், நமது படகுகளின் அமைப்பும், நமது கரையின் தன்மையும் சேர்ந்தே இதனை முடிவு செய்தன. அந்த வரலாற்றை இங்கே காண்போம்.

நெக்கார் நதியில் ஒரு படகு

நிகோலஸ் ஓட்டோ நான்கடி எஞ்சினை 1876இல் இயக்கிக் காட்டினார். அது நிலக்கரி வாயுவில் ஓடியது, கனமானது, ஓரிடத்தில் நிற்பது. காட்லீப் டெய்ம்லரும் வில்ஹெல்ம் மேபாக்கும் அதனைச் சிறிதாக்கி, வேகமாகச் சுழலச் செய்து, பெட்ரோலில் ஓட வைத்தனர். 1886இல் ஜெர்மனியில் கான்ஸ்டாட் நகரருகே நெக்கார் நதியில், சுமார் நாலரை மீட்டர் நீளமுள்ள ஒரு படகில் அதனைப் பொருத்தி ஓட்டினர். பெட்ரோல் வெடித்துவிடும் என்று மக்கள் அஞ்சினராம். எனவே டெய்ம்லர் படகைச் சுற்றிக் கம்பிகளையும் பீங்கான் காப்பான்களையும் கட்டி, அது மின்சாரத்தில் ஓடுவதுபோல் தோன்றச் செய்தார் என்று ஒரு கதை வழங்குகிறது. கதை எப்படியாயினும் மக்களின் அச்சம் பொருளற்றதன்று.

பின்னர் எஞ்சின் பாய்மரப் படகுகளுக்கும் வந்தது. காற்று நின்றபோதும், துறைமுகத்துக்குள் நெருக்கடியில் திரும்பும்போதும் உதவும் துணைக் கருவியாகவே அது வந்தது. இதற்குப் பெரிய திறன் தேவையில்லை. நீரைப் பிளந்து செல்லும் படகு தன் நீளத்துக்கு நிகரான அலையைத் தானே எழுப்பிக்கொள்கிறது. அந்த அலையின் வேகத்தை மிஞ்ச முயன்றால், படகு தான் எழுப்பிய அலைமேட்டின் மீதே ஏற வேண்டியிருக்கும். ஏழு மீட்டர் நீளப் படகுக்கு இந்த எல்லை மணிக்குச் சுமார் 12 கிலோமீட்டர். எஞ்சினின் திறனை இருமடங்காக்கினாலும் வேகம் அதற்கேற்ப உயர்வதில்லை. எனவே சிறு எஞ்சினே போதும்.

அமெரிக்காவில் விஸ்கான்சின் மாநிலத்தின் ஆஷ்காஷ் நகரில் இருந்த யுனிவர்சல் மோட்டார் நிறுவனம் 1947இல் 'அட்டாமிக் ஃபோர்' என்னும் எஞ்சினை வெளியிட்டது. அணு என்பது பெயரில் மட்டுமே, எரிந்தது பெட்ரோல்தான். நான்கு உருளைகள், மொத்தக் கொள்ளளவு ஏறத்தாழ ஒரு லிட்டர், திறன் 30 குதிரைத்திறன். 1980களின் நடுப்பகுதி வரை ஏறத்தாழ 40,000 எஞ்சின்கள் தயாராயின. அதிர்வும் ஓசையும் குறைவு, விலையும் குறைவு என்பதால் எண்ணற்ற பாய்மரப் படகுகளில் இது இடம்பெற்றது. பழைய படகுகள் சிலவற்றில் இன்றும் ஓடுகிறது.

ஒரு தம்ளர் பெட்ரோல்

இந்த எஞ்சினிலுள்ள ஆபத்து அதன் எரிபொருளில் இருந்தது. சாலையில் ஓடும் காரில் பெட்ரோல் கசிந்தால் அது கீழே சொட்டும். ஆவி காற்றோடு கலைந்து போகும். படகிலோ கீழே ஓட்டை இல்லை. அது இருந்தால் படகு மிதக்காது அன்றோ! பெட்ரோல் ஆவி காற்றைவிட மூன்று மடங்குக்கும் மேல் கனமானது. எனவே அது மேலெழாமல், குடத்தில் நீர் தங்குவதுபோல் படகின் அடிவயிற்றில் தங்கிவிடும்.

காற்றில் பெட்ரோல் ஆவியின் கன அளவு சுமார் 1.4 சதவீதத்துக்குக் குறைவாக இருந்தால் தீப்பற்றாது, சுமார் 7.6 சதவீதத்துக்கு மேற்பட்டாலும் பற்றாது. இவற்றுக்கு இடைப்பட்டதே வெடிக்கும் கலவை. ஒரு சிறு கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஒரு லிட்டர் பெட்ரோலின் நிறை ஏறத்தாழ 740 கிராம். அதன் மூலக்கூறு எடையைச் சராசரியாக 100 எனக் கொண்டால் 7.4 மோல் ஆகிறது. சாதாரண வெப்பநிலையில் ஒரு மோல் ஆவி சுமார் 24.5 லிட்டர் இடத்தை அடைக்கும். ஆக ஒரு லிட்டர் பெட்ரோல் ஏறத்தாழ 180 லிட்டர் ஆவியாகும். இது காற்றோடு 1.4 சதவீத அளவில் கலந்தால் சுமார் 13 கன மீட்டர் வெடிக்கும் கலவை உண்டாகும். 200 மில்லிலிட்டர் கொள்ளும் ஒரு தம்ளர் பெட்ரோல் போதும், இரண்டரை கன மீட்டர் இடத்தை வெடிகுண்டாக்க! சிறிய பாய்மரப் படகின் எஞ்சின் அறை அதைவிடச் சிறியது. சுவிட்சிலோ ஸ்டார்ட்டர் மோட்டாரிலோ எழும் ஒரு பொறி தீயை மூட்டிவிடும்.

பல விபத்துகளுக்குப் பின், அமெரிக்காவின் 1940ஆம் ஆண்டு மோட்டார் படகுச் சட்டம் இரண்டு காப்புகளைக் கட்டாயமாக்கியது. முதலாவது, அடிவயிற்றுக் காற்றை வெளியேற்றும் குழாய்கள். இரண்டாவது, கார்புரேட்டரின் வாயில் தீத்தடுப்பான். இது நெருக்கமான உலோக இடுக்குகளால் ஆனது. எஞ்சினுக்குள்ளிருந்து தீச்சுடர் பின்னோக்கிப் பாய்ந்தால் உலோகம் அதன் வெப்பத்தை உறிஞ்சிக்கொள்ளும். சுடர் இடுக்கைக் கடக்குமுன் அவிந்துவிடும். 1815இல் ஹம்ஃப்ரி டேவி சுரங்கத் தொழிலாளர்களுக்காக அமைத்த காப்பு விளக்கின் தத்துவமே இது. எஞ்சினைக் கிளப்புமுன் நான்கு நிமிடமாவது மின்விசிறியை ஓட்டி ஆவியை வெளியேற்ற வேண்டும் என்பதும் படகோட்டிகளிடையே விதியாயிற்று.

டீசல் எஞ்சின் இந்தச் சிக்கலை வேரோடு நீக்கியது. பெட்ரோல் சுழிக்குக் கீழே 40 பாகை செல்சியசிலும் தீப்பற்றும் அளவுக்கு ஆவியாகும். டீசலோ 50 பாகையைத் தாண்டினால்தான் அந்நிலையை எட்டும். டீசல் எஞ்சினில் தீப்பொறியும் தேவையில்லை. காற்றைப் பதினாறு, பதினெட்டு மடங்கு இறுக்கும்போது வெப்பநிலை 500 பாகைக்கு மேல் உயர்ந்து, தெளிக்கப்படும் எண்ணெய் தானே எரிகிறது. ஆனால் அவ்வளவு அழுத்தத்தைத் தாங்கக் கனத்த உலோகம் வேண்டும். எனவே தொடக்கத்தில் டீசல் எஞ்சின்கள் பெரிதாகவே இருந்தன. 1933இல் ஜப்பானின் யான்மார் நிறுவனம் நடைமுறைக்கேற்ற சிறு டீசல் எஞ்சினை உருவாக்கியது. பின்னர் இத்தகைய எஞ்சின்கள் மலிந்தபோது, பாய்மரப் படகுகளிலிருந்து பெட்ரோல் எஞ்சின் மெல்ல விடைபெற்றது.

உள்ளே என்பதே இல்லாத படகு

இனி நமது கரைக்கு வருவோம். கட்டுமரம் என்பது மரத்துண்டுகளைக் கயிற்றால் இணைத்துக் கட்டிய மிதவை. அலை மேலே புரண்டு இடுக்குகள் வழியே வடிந்துவிடும், அது மூழ்குவதில்லை. விடியுமுன் நிலத்திலிருந்து கடல் நோக்கி வீசும் காற்றில் பாய் விரித்துச் செல்வதும், வெயில் ஏறியபின் கடலிலிருந்து கரை நோக்கி வீசும் காற்றில் திரும்புவதும் மீனவர் வழக்கம். நிலமும் நீரும் வெவ்வேறு விரைவில் வெப்பமடைவதால் பிறக்கும் இந்தக் காற்றுகளே அவர்களின் எஞ்சின். அதற்கு விலையில்லை.

இத்தகைய படகில் உள்பொருத்து எஞ்சினை வைப்பது எங்ஙனம்? மூன்று தடைகள் இருந்தன. முதலாவது, கட்டுமரத்துக்கு 'உள்ளே' என்பதே கிடையாது. இரண்டாவது, பலகைகளைக் கயிற்றால் தைத்துச் செய்த மசூலா படகுக்கு உள்ளிடம் உண்டு. ஆனால் அலையில் வளைந்து கொடுப்பதே அதன் பலம். எஞ்சினும் தண்டும் ஒரே நேர்க்கோட்டில் அமைய வேண்டும். வளையும் படகில் அந்த நேர்மை நிலைக்காது. மூன்றாவது, நமது கரையின் பெரும்பகுதியில் இயற்கைத் துறைமுகம் இல்லை. அலை உடையும் மணலில்தான் படகு ஏற வேண்டும். அடியில் நீட்டிக்கொண்டிருக்கும் விசிறி முதல் நாளே உடைந்துபோகும். பழவேற்காட்டில் பெரிய ஏரி இருப்பினும், அதன் ஆழம் சராசரியாக ஒரு மீட்டர் அளவே. முகத்துவாரமோ மணலால் அடிக்கடி தூர்ந்துபோவது.

1952இல் இந்தியா, நார்வே, ஐக்கிய நாடுகள் ஆகியவை ஓர் உடன்படிக்கை செய்துகொண்டன. அதன்படி மறு ஆண்டு கேரளத்தின் நீண்டகரையில் இந்திய-நார்வே திட்டம் தொடங்கியது. நாட்டுப் படகுகளுக்கு எஞ்சின் பொருத்துவதே முதல் எண்ணம். அவை அதற்கு ஏற்றவை அல்ல என்று விரைவில் தெரிந்தது. எனவே டீசல் எஞ்சினுக்கென்றே புதிய மரப்படகுகள் கட்டப்பட்டன. தமிழ்நாட்டிலும் அத்தகைய விசைப்படகுகள் பரவின. ஆயினும் அவை நின்றது காசிமேடு போன்ற அமைதியான துறைகளில்தான். கட்டுமரக் குப்பங்களுக்கு எஞ்சின் வரவில்லை. அதற்கு மாறாக, எஞ்சின் கொண்ட இழுவைப் படகுகள் அவர்களின் போட்டியாளராக வந்தன. கரையோரத்தில் வலைகள் அறுந்தன. 1970களின் பிற்பகுதியில் மோதல்கள் மூண்டன. 1983இல் இயற்றப்பட்ட தமிழ்நாடு கடல் மீன்பிடி ஒழுங்குபடுத்தும் சட்டத்தின் கீழ், கரையிலிருந்து மூன்று கடல் மைல் வரை விசைப்படகுகளுக்கு விலக்கப்பட்டது. ஒரு கருவி எல்லாருக்கும் கிட்டாதபோது அது முன்னேற்றமாக மட்டும் இருப்பதில்லை என்பதற்கு இது சான்று.

வாலைத் தூக்கும் எஞ்சின்

தடையை நீக்கும் வழி வேறு திசையிலிருந்து வந்தது. 1979இல் ஐ.நா. உணவு வேளாண்மை அமைப்பின் வங்காள விரிகுடாத் திட்டம் சென்னையைத் தலைமையிடமாகக் கொண்டு தொடங்கியது. மணற்கரையில் ஏறக்கூடிய படகை உருவாக்குவது அதன் பணிகளுள் ஒன்று. கண்ணாடியிழையால் ஆன படகில், எட்டு ஒன்பது குதிரைத்திறனுள்ள சிறு டீசல் எஞ்சின் பொருத்தப்பட்டது. எஞ்சினும் தண்டும் சேர்ந்தே சாயுமாறு அமைத்திருந்தனர். கரை நெருங்கியதும் விசிறியை மேலே தூக்கிவிடலாம். தாய்லாந்தின் நீள்வால் படகுகளிலும் இதே கருத்துதான்: நீண்ட தண்டை ஆழத்துக்கேற்ப ஏற்றி இறக்கலாம்.

இதே காலத்தில் வெளிபொருத்து எஞ்சின்களும் பரவின. பெட்ரோலில் கிளப்பி மண்ணெண்ணெயில் ஓட்டும் வகை இது. இதிலும் தீப்பொறி உண்டு. ஆனால் எஞ்சின் திறந்த வெளியில் தொங்குவதால் ஆவி தேங்குவதில்லை. மண்ணெண்ணெயும் பெட்ரோலைப்போல் எளிதில் ஆவியாவதன்று. இருப்பினும் அது எரிபொருளை மிகுதியாகக் குடிக்கும்; கிழக்குக் கரையில் சிறு டீசல் எஞ்சினே பெரிதும் நிலைத்தது. 2004 டிசம்பர் 26 ஆழிப்பேரலைக்குப் பின் நிவாரணமாக ஏராளமான ஃபைபர் படகுகள் வழங்கப்பட்டன. கட்டுமரங்கள் வேகமாகக் குறைந்தன. இன்று ஃபைபர் படகின் பின்புறத்தில், நீண்ட தண்டோடு ஏறி இறங்கும் டீசல் எஞ்சின் நம் கரையில் பழகிய காட்சி.

பாயை மறக்கலாமா?

அமெரிக்கப் பாய்மரப் படகில் எஞ்சின் பாய்க்குத் துணையாக வந்தது, பாய் நீங்கவில்லை. நம் கரையிலோ எஞ்சின் வந்ததும் பாய் மறையத் தொடங்கியது. பல ஃபைபர் படகுகளில் இன்று பாயே இல்லை. நடுக்கடலில் எஞ்சின் பழுதானால், டீசல் தீர்ந்தால், படகு நீரோட்டத்தின் வசப்பட்டு மிதக்க வேண்டியதுதான். ஒரு சிறு பாயும் அதனைக் கட்டும் கழியும் அதிக எடையில்லை. அவை இருந்தால் மாலைக்குள் கரைக்காற்றோ கடற்காற்றோ எதுவாயினும் பயன்படுத்தித் திரும்ப முயலலாம். மின்சாரப் படகு எஞ்சின்கள் பற்றிப் பேசப்படும் இக்காலத்தில், படகை வடிவமைப்போர் பாய்க்கும் ஓர் இடம் ஒதுக்குவது நல்லது.

இன்னொன்றும் நினைவிற்கொள்ள வேண்டும். படகாயினும் வீடாயினும், மூடிய இடத்தில் பெட்ரோல் கேனை வைப்பவர் அந்த ஒரு தம்ளர் கணக்கை மறக்கலாகாது. ஆவி கண்ணுக்குத் தெரியாது. அது தாழ்ந்த இடம் தேடிச் சென்று பொறிக்காகக் காத்திருக்கும்.